இரண்டாம் வாசிப்பு

காலை பத்து நாற்பது. மேசையில் மூன்று லேப்டாப்கள் பிரித்துக் கிடந்தன. மூன்றாவதன் முன்னால் நின்றவர் பெயர் தேவசகாயம். அந்த லேப்டாப்பில் விசிறி சுற்றியது. கீபோர்டில் விளக்கு எரிந்தது. திரை மட்டும் வரவில்லை.

பவர் பட்டனை அழுத்தி அணைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். விசிறி சுற்றியது. திரை வரவில்லை.

திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்த லேப்டாப் ரிப்பேர் கடை. உரிமையாளர் ஷமீமா. வயது முப்பத்து மூன்று. போர்டில் சிப் வரைக்கும் இறங்கி வேலை செய்பவர். தேவசகாயத்துக்கு ஐம்பத்தொன்று. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக டாக்டர்களின் வாசலில் காத்து நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். கம்பெனி ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தார். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஷமீமாவிடம் சேர்ந்தார்.

அவர் ஷமீமாவை மேடம் என்பார். ஷமீமா அவரை அண்ணே என்பார். கடைக்கு வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு அவரையே முதலாளி என்று நினைப்பார்கள். அவர் ஷமீமா பக்கம் கையைக் காட்டுவார்.

அன்று காலை கையைக் காட்ட ஷமீமா அங்கே இல்லை. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

லேப்டாப் மாதங்கியுடையது. அனிமேஷன் செய்கிற பெண், இருபத்தாறு வயது. ஐதராபாத்தில் ஒரு ஸ்டுடியோ ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு காட்சியைச் செய்து அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். காட்சியை அவள் முடித்துவிட்டாள். அதை வீடியோவாக மாற்றித் தர வேண்டியது லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டு. அது போகிற வேகத்துக்கு இரவு வரை ஆகும்.

கார்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பது துவரம்பருப்பு அளவுள்ள ஒரு சிப்பில் எழுதியிருக்கும். அந்த எழுத்துக்குப் பெயர் பயாஸ். அதே கார்டை, கூடுதல் மின்சாரம் இழுக்கும்படி எழுதி, விலை கூடிய லேப்டாப்பிலும் போட்டு விற்கிறார்கள். அந்த எழுத்தை இணையத்திலிருந்து இறக்கி இந்தச் சிப்பில் எழுதினால் கார்டு வேகமாக ஓடும். ஓடாமலும் போகும்.

முந்தின நாளே மாதங்கி கேட்டிருந்தாள்.

"செய்ய மாட்டேன்," என்றார் ஷமீமா.

"ஏன்க்கா? யூடியூப்ல எத்தனை பேர் செஞ்சு காட்டுறாங்க."

"செத்துப்போன லேப்டாப்பை வச்சு யாரும்மா வீடியோ போடுவா?"

அவள் போய்விட்டாள். காலையில் கடை திறந்ததும் திரும்பி வந்தாள். அக்கா இல்லை என்று தெரிந்ததும் தேவசகாயத்தின் முன்னால் லேப்டாப்பை வைத்தாள்.

"சார், ஆறு மணியைத் தாண்டினா அவங்க வாங்க மாட்டாங்க. இந்த வேலைக்கு நான் ஒரு வருஷமா அலையுறேன்."

தேவசகாயம் லேப்டாப்பைப் பார்த்தார். ஷமீமா இதே மாதிரி சிப்பில் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார்.

"போய் டிபன் சாப்பிட்டுட்டு வாம்மா," என்றார்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஷமீமா படியேறி வந்தார். கைப்பையை மாட்டும்போதே விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டார். திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு தேவசகாயத்தின் முகத்தைப் பார்த்தார்.

"யாரோடது?"

"மாதங்கி பொண்ணோடது."

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன், மேடம்."

ஷமீமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி சிப்புல இருந்த பழசைப் படிச்சு ஃபைலா வச்சீங்களா?"

"வச்சேன். ரெண்டு ஃபைல் இருக்கு. ஒப்பிட்டும் பார்த்தேன். பொருந்துதுன்னு வந்துச்சு."

"அப்புறம் எதுக்கு முகம் இப்படி வேர்க்குது? பழசையே திருப்பி எழுதுங்க."

"எழுதிட்டேன், மேடம். அப்பவும் வரல."

ஷமீமா கடையின் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தார். பயாஸ் ஃபைலைத் திறந்தால் திரை முழுக்க எண்ணும் எழுத்துமாகக் கலந்து ஓடும். இதில் FF என்ற ஒரே இரட்டை எழுத்து வரிசை வரிசையாக நின்றது. அவர் கீழே தள்ளினார். FF. இன்னும் தள்ளினார். கடைசி வரி வரைக்கும் FF.

"இதுல ஒண்ணுமே இல்லையே, அண்ணே."

"ஃபைல் அளவு சரியா இருந்துச்சே."

"சிப்பு மேல மாட்டுற கிளிப் அதைத் தொடாட்டியும் அளவு சரியாத்தான் வரும். வெறும் தாளையும் அது முழுசாப் படிச்சுக் குடுக்கும்."

"ஆனா ரெண்டும் பொருந்துச்சு, மேடம். என் கண்ணால பார்த்தேன்."

"ரெண்டு தடவை படிச்சீங்களா?"

தேவசகாயம் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒரு தடவை படிச்சேன். அதைக் காப்பி எடுத்தேன்."

"அந்த ரெண்டையும் ஒப்பிட்டீங்க."

"ஆமா."

ஷமீமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடையில் அவர் பழக்கம் ஒன்று உண்டு. சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்விப் பிடிக்கும் கிளிப்பை மாட்டி ஒருமுறை படிப்பார். கிளிப்பைக் கழற்றிவிடுவார். மறுபடி மாட்டி இன்னொரு முறை படிப்பார். இரண்டும் பொருந்திய பிறகுதான் எழுதுவார். எழுதுகிற பட்டனை அழுத்துமுன் உதட்டுக்குள் பிஸ்மி சொல்வார்.

"கழட்டி மாட்டுறதை நீங்க பார்த்ததே இல்லையா?"

"பார்த்திருக்கேன், மேடம். நீங்க பிஸ்மி சொல்றீங்கள்ல, அது மாதிரி அதுவும் ஒரு நம்பிக்கைன்னு நினைச்சுட்டேன்."

"அதுக்குப் பதிலா நீங்க என்ன செஞ்சீங்க?"

"சிலுவை போட்டுக்கிட்டேன்."

ஷமீமாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"கிளிப் சரியா உக்காரலைன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"எழுதப் போனப்ப. சிப்பையே காணோம்னு காட்டுச்சு. கழட்டி நல்லா அழுத்தி மாட்டினேன். எழுதிடுச்சு."

"அப்பக்கூட, முன்னாடி படிச்சது எந்த லட்சணத்துல இருந்திருக்கும்னு தோணலையா?"

"பொருந்துதுன்னு வந்துச்சே, மேடம்," என்றார் தேவசகாயம். மூன்றாவது முறையாக அதையே சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கை தானாக லேப்டாப் மூடியைத் தேடிப் போனது.

"மூடாதீங்க," என்றார் ஷமீமா. "நீங்களே சொல்லுங்க."

மாதங்கி வந்தாள். கையில் தேவசகாயத்துக்கும் சேர்த்து வாங்கிய டீ பார்சல் இருந்தது.

இருபத்தைந்து வருடமாக மருந்தின் நல்ல பக்கத்தை மட்டும் பேசிப் பழகியவர் தேவசகாயம்.

"உன் லேப்டாப்பைக் கெடுத்துட்டேம்மா."

அவள் டீயைக் கீழே வைத்தாள். இருண்ட திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"விளையாடாதீங்க, சார்."

"விளையாடல. திருப்பி எழுதப் பழசு என்கிட்ட இல்ல. சரியாப் படிச்சு வைக்கல."

"அக்கா?"

"அவர் சொல்றது நிஜம்," என்றார் ஷமீமா.

மாதங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. போனை எடுத்து மணி பார்த்தாள். உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"நெட்ல இந்த மாடலோட பழசு கிடைக்காதாக்கா?"

"கிடைக்கும். எவனோ எதிலிருந்தோ எடுத்துப் போட்டது. காலையில உள்ள போனதும் அப்படி ஒண்ணுதான்."

தேவசகாயம் அலமாரியைப் பார்த்தார். அங்கே அதே மாடல் லேப்டாப் ஒன்று இருந்தது. வக்கீல் ராமபத்ரனின் மகனுடையது. மூடியின் கீல் உடைந்து வந்தது, முந்தின நாளே மாற்றியாகிவிட்டது.

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம், அதைத் திறந்து படிச்சுக்கலாம். பத்து நிமிஷ வேலை. அவருக்குத் தெரியவே தெரியாது."

ஷமீமா தன் போனில் வக்கீலின் எண்ணை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு தேவசகாயத்தின் முன்னால் வைத்தார்.

"கேளுங்க."

மணி அடித்தது. வக்கீல் எடுத்துவிட்டார்.

"சார், லேப்டாப் கடையிலேருந்து தேவசகாயம் பேசறேன். உங்க பையன் லேப்டாப் ரெடி."

"சந்தோஷம். மூணு மணி ரயிலுக்குக் கிளம்பறான். ஒரு மணிக்கு ஆள் அனுப்பறேன்."

"சார், ஒரு அனுமதி வேணும்." அவர் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார். வக்கீல் குறுக்கிடாமல் கேட்டார்.

"என் லேப்டாப்பைத் திறந்து, அதிலேருந்து ஒண்ணைப் படிச்சு, இன்னொண்ணுல எழுதப் போறீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான், சார்."

"என்னோடதுக்கு ஆபத்து உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

தேவசகாயம் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாதங்கி தேவசகாயத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்டு, சார்."

"அந்த இன்னொரு லேப்டாப் எப்படிக் கெட்டுது?"

"நான்தான் கெடுத்தேன். இன்னிக்குக் காலையில."

போனில் பின்னால் யாரோ டைப் அடிக்கும் ஓசை மட்டும் வந்தது.

"அந்தம்மா இருக்காங்களா?"

"இருக்கேன், சார்," என்றார் ஷமீமா.

"நீங்க செய்யறதா இருந்தா செய்யுங்க. இந்த ஆளோட விரல்கூட அதுல படக்கூடாது. ஒரு மணிக்கு லேப்டாப் ஓடணும். ஓடலைன்னா பையன் சும்மா இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்."

வைத்துவிட்டார்.

ஷமீமா வக்கீலின் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டார். திருகுகளைக் கழற்றினார். அடிமூடியை எடுத்தார். பேட்டரி வயரைப் பிடுங்கினார். குறை ஒன்றும் இல்லாத, தூசுகூடப் படியாத போர்டு. தேவசகாயம் இரண்டடி தள்ளி நின்று மேசை விளக்கைப் பிடித்தார்.

கிளிப்பை எடுத்த ஷமீமாவின் விரல்கள் நடுங்குவதை வெளிச்சம் காட்டிக்கொடுத்தது.

இத்தனை நாள் தேவசகாயம் சிப்பையே பார்த்திருந்தார். கையைப் பார்த்ததில்லை.

"மேடம், கை நடுங்குது."

"ஆமா."

"நான் வேணா மணிக்கட்டைப் பிடிச்சுக்கவா?"

"விளக்கை ஒழுங்காப் பிடிங்க. வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

கிளிப் உட்கார்ந்தது. படித்தார். திரையில் எண்ணும் எழுத்தும் கலந்து ஓடின. மாதங்கி எழுந்து நின்றாள்.

"வந்துடுச்சாக்கா?"

ஷமீமா கிளிப்பைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். படித்தார். இரண்டையும் ஒப்பிட்டார்.

பொருந்தவில்லை.

ஓரிடத்தில்தான் வேறுபாடு. முதலில் படித்ததில் ஒன்று, இரண்டாவதில் வேறொன்று. எது சரி என்று சொல்ல யாரும் இல்லை.

"ஒரு இடம்தானேக்கா," என்றாள் மாதங்கி. "எழுதிப் பாருங்களேன். மணி பன்னெண்டாகுது."

காலையில் இதே குரல், இதே அவசரம். ஷமீமா சரி என்று சொல்லிவிடுவாரோ என்று தேவசகாயத்துக்குப் பயம் வந்தது. சொல்லாமல் விட்டால் நேரம் போய்விடுமே என்றும் பயம்.

ஷமீமா கிளிப்பைக் கழற்றினார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஊதிக் காயவைத்தார். மாட்டினார், படித்தார். கழற்றினார், மாட்டினார், படித்தார். இப்போது படித்த இரண்டும் பொருந்தின. அப்போதும் எழுதவில்லை. கழற்றி மாட்டி இன்னும் ஒருமுறை படித்தார். அதுவும் பொருந்தியது.

பிறகு வக்கீலின் லேப்டாப்பில் பேட்டரி வயரைச் செருகிப் பவர் பட்டனை அழுத்தினார்.

விசிறி சுற்றியது. திரை வரவில்லை.

மூவரும் அசையாமல் நின்றார்கள். கீழே செருப்புக் கடையில் யாரோ அளவு சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விசிறியின் சத்தம் கூடியது. தேவசகாயத்தின் மனதில் வக்கீலின் குரல் வந்துபோனது. அதற்குப் பின்னால் வீட்டில் மனைவி கேட்கப்போகும் கேள்வி வந்தது. ஷமீமா தன் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த இடம் கசங்கியிருந்தது.

திரை வந்தது.

"பேட்டரியைப் பிடுங்கினா அப்படித்தான். முதல் தடவை மெதுவா வரும்," என்றார் ஷமீமா.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் மேடம் துப்பட்டாவை அப்படிப் பிடிச்சீங்க?"

ஷமீமா மாதங்கியின் லேப்டாப்பை அருகில் இழுத்தார். கிளிப்பை அதில் மாட்டினார். உதடு அசைந்தது. எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்து, வக்கீலின் லேப்டாப்பிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டார். கழற்றினார். மாட்டினார். மறுபடி படித்து ஒப்பிட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மாதங்கியின் லேப்டாப் திரை எரிந்தது. பழைய கார்டு, பழைய வேகம்.

அவள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே வீடியோவாக மாற்றும் வேலையை ஓடவிட்டாள். திரையின் ஓரத்தில், முடிய ஆகும் நேரத்தைக் காட்டியது. அதைப் படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

"ஆறு மணிக்குள்ள முடியாதுக்கா."

"காலையில வந்து நின்னியே, அப்ப ஓடவிட்டிருந்தா?"

"அப்பவும் ரெண்டு மணி நேரம் தாண்டியிருக்கும். இப்ப பாதிதான் வரும்."

"பாதியை அனுப்பு."

மாதங்கி காட்சியை வெட்டினாள். ஒரு படகு அணைக்கட்டு மதகைத் தாண்டி, மறுபக்கம் வந்து, வெளிச்சத்தில் நிற்க வேண்டும். வெட்டிய பிறகு மதகுக்குள் நுழைவதோடு முடிந்தது. அந்த வெளிச்சத்துக்குத்தான் அவள் அதிக நாள் உழைத்திருந்தாள்.

வக்கீலின் ஆள் ஒரு மணிக்கு வந்து லேப்டாப்பை வாங்கிப் போனான். வேறு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஒருவர் தேவசகாயத்திடம், "முதலாளி, சார்ஜர் இருக்கா?" என்றார். அவர் ஷமீமா பக்கம் கையைக் காட்டினார். மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை. காலையில் வந்த டீ பார்சல் பிரிக்காமல் ஆறிப்போனது.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் மாதங்கி வீடியோவை அனுப்பினாள். லேப்டாப்பைப் பையில் வைத்தாள்.

"வர்றேன்க்கா," என்றாள் ஷமீமாவிடம்.

தேவசகாயம் எழுந்து நின்றார். அவள் அவரைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

ஷமீமா மேசையைத் துடைத்தார். தேவசகாயம் திருகுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து தேடினார். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கேட்டார்.

"நாளைக்கு நான் வரணுமா, மேடம்?"

"பத்து மணிக்குக் கடை திறக்கணும்ல?"

அவர் திருகை டப்பாவில் போட்டார்.

"நீங்க இவ்வளவு காலமா இதைச் செய்யறீங்க. எத்தனையோ சிப் பார்த்திருப்பீங்க. இன்னமும் உங்களுக்குக் கை நடுங்குது."

"ம்."

"காலையில எழுதற பட்டனை அழுத்தும்போது எனக்கு நடுங்கவே இல்ல, மேடம். துளிகூடப் பயமில்ல. சரி, நமக்கும் கை வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

ஷமீமா விளக்கை அணைத்தார்.

"தெரியும். பயம் இருந்திருந்தா இன்னொரு தடவை படிச்சிருப்பீங்க."

தேவசகாயம் ஷட்டரை இழுக்கக் கொக்கியை எடுத்தார்.

சில நாள் கழித்து, 2024 பிப்ரவரி 21, புதன்கிழமை, ஐதராபாத் ஸ்டுடியோவிலிருந்து மாதங்கிக்கு மின்னஞ்சல் வந்தது. அவள் தேர்வாகவில்லை. காரணம் குறிப்பிடப்படவில்லை.